அவள் சொன்ன பச்சை

காலையில் எழுந்ததும் வாஷ்பேசின் விளிம்பில் இருக்கும் பிரஷ்ஷை எடுத்து ஜன்னல் கட்டையில் வைக்கிறேன். பல் துலக்குகிறேன். முகம் கழுவுகிறேன். பிரஷ்ஷை எடுத்து மறுபடியும் வாஷ்பேசின் விளிம்பில் வைக்கிறேன். அது பெயின்ட் அடிக்கிற பிரஷ். முடி முழுக்கப் பச்சைப் பெயின்ட் இறுகிக் கல்லாகிவிட்டது. தட்டினால் கட்டைச் சத்தம் வருகிறது. ஜன்னல் கட்டையிலேயே விட்டுவிடலாம். விடுவதில்லை.

பிறகு காபி. நின்றபடியே குடிக்கிறேன். குளியல். சட்டை எடுக்கப் படுக்கையறைக்குப் போகிறேன். அறை பச்சை. பீரோவுக்கு மேலே மட்டும் ஒரு பட்டை பழைய வெள்ளையாகவே நிற்கிறது. அதைப் பார்க்காமல் பீரோவைத் திறக்கப் பழகிவிட்டேன். பூட்டு. படி. பஸ்.

குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வரும். நிறம்: இல்லை. மணம்: இல்லை. நாள் முழுக்க அதைத்தான் எழுதுகிறேன். இப்போதைக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

அன்று மதியம் அத்தை போன் செய்தார். என் மனைவியின் அம்மா.

"மாப்ள, சாப்டீங்களா?"

"சாப்டேன் அத்தை." சாப்பிடவில்லை.

"வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் சொல்லிட்டேன். அவ சொன்ன பச்சைதான். நீங்க அந்த டப்பாவப் பாத்து நம்பர் மட்டும் சொல்லுங்க."

சரி என்றேன். கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்தேன்.

அவள் அப்படி ஒரு பச்சையைச் சொல்லவே இல்லை. அது நான் சொன்னது.

அவள் போனது காய்ச்சலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை படுக்கையறைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம். உடம்பு சுடுகிறது என்றாள். மாத்திரையை விழுங்கிவிட்டு ஏணியில் ஏறினாள். நானும் ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். சாயங்காலம் மூச்சு வாங்கியது. போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு பேச்சு பேசினாள். அதற்கப்புறம் பேசவில்லை. மறுநாள் முடிந்துவிட்டது.

அத்தை பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பேச ஆள் இல்லை. தாயும் மகளும் அதற்கு முன்பே பல மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள். மாமா இறந்த பிறகு, தனியாக இருக்காதே, வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடு என்று இவள் சொல்ல, "நான் போனப்புறம் வித்துத் தின்னு" என்று அவர் சொல்ல, போனை யார் முதலில் வைத்தது என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. இரண்டும் ஒரே வார்ப்பு. இறங்கி வருகிற ரகம் இல்லை.

ஆனால் விற்கச் சொன்ன அந்த வீட்டை அவள் 'எங்க வீடு' என்றுதான் சொல்வாள். "அப்ப நாம இருக்கறது?" என்று கேட்பேன். "இது நம்ம வீடு. அது எங்க வீடு. இதுகூட தெரியாம எப்படிடா உனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சாங்க?" என்பாள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா, மாப்ள? ஒரு வார்த்தை?"

சொல்லியிருந்தாள். கடைசியாகப் பேசியதே அம்மாவைப் பற்றித்தான். ஆனால் அதை அந்த இடத்தில், அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் குனிந்துகொண்டேன். என் கட்டைவிரல் நகத்தில் பச்சை ஒட்டியிருந்தது.

"சொன்னா அத்தை. நம்ம ரூமுக்கு அடிச்ச பச்சையவே அம்மா வீட்டுக்கும் அடிக்கணும்னு சொன்னா."

பச்சைப் பொய் என்பார்கள். என்னுடையதற்கு நிறமும் அதுவே.

அத்தை சட்டையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப விக்கச் சொல்லல. அடிக்கத்தான் சொல்லியிருக்கா. நான் அங்கயே இருந்துக்கட்டும்னு." அழுதார். அழுதபடியே தலையை ஆட்டிக்கொண்டார், ஏதோ ஒரு கணக்கு நேரானது போல. அந்தத் தலையாட்டலை நான் அப்போதே கெடுத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அத்தை வீடு விற்கும் பேச்சை யார் எடுத்தாலும் "அவ அடிக்கத்தான் சொன்னா" என்று வாயை அடைத்துவிடுவார். காது கேட்கக் கேட்க நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

டப்பா பால்கனியில் இருந்தது. அடியில் இருந்த பெயின்ட் மழைநீரில் கலங்கிப் பாழாகியிருந்தது. நங்கூரப் படம் போட்ட கம்பெனி. நம்பர் இருந்த ஒட்டுத்தாள் தண்ணீர் பட்டுக் கரைந்துவிட்டது. நிறத்தின் பெயர் மட்டும் மிச்சம்: மாஸ் விஸ்பர். கடையில் ஷேட் கார்டில் அதைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு. "பாசி குசுகுசுன்னு பேசுமாம். சுவத்துல காத வெச்சுக் கேளு, உன்னப் பத்தித்தான் பேசும்." அந்தப் பெயருக்காகவே அதை வாங்கினாள்.

பெயின்ட் கடைக்குப் போனேன். கடையை ஒரு அக்கா நடத்துகிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டப்பாவைப் பார்த்தார்.

"நங்கூரமா? அவங்க மூட்டையக் கட்டிட்டாங்க தம்பி. இந்தப் பக்கமே சரக்கு வர்றதில்ல. இப்ப குடைப்படம் இருக்கு, முக்கோணம் இருக்கு. எதுல அடிச்சா என்ன, பச்சைன்னா பச்சைதான?"

"அதே பச்சை வேணும்."

"எது? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, மாங்காப்பச்சையா?"

"பாசிக்கும் மாங்காவுக்கும் நடுவுல."

"நடுவுலங்கறது உங்க கண்ணுல இருக்கு. என் மிஷின்ல இல்ல."

உள்சுவரா வெளிச்சுவரா என்று கேட்டார். வெளிச்சுவர் என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். உள்ளே அடிக்கிற பெயின்டின் நம்பரை வெளியே அடிக்கிற பெயின்டில் கலந்தால் அதே நிறம் வராதாம். ஒரு கம்பெனி நம்பரை இன்னொரு கம்பெனி மிஷின் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அச்சு அசலாக வராதாம். "ஒட்டுன சொந்தம் மாதிரிதான். பேரு ஒண்ணா இருக்கும், மூஞ்சி ஒண்ணா இருக்காது."

"வேற வழி?"

"ஒரு துண்டு கொண்டாங்க, மிஷின்ல வெச்சுப் படிச்சிடலாம். ஆனா சுவத்துல பேக்காதீங்க. கீழ பூசியிருக்கற வெள்ளைப் பட்டியும் சேந்து வரும், மிஷின் முழிக்கும். கட்டியா காஞ்சு போனது ஏதாச்சும் இருக்கா? டப்பா மூடி?"

"மூடிய தொடச்சு வெச்சிருக்கா."

"பாத்தீங்களா, சுத்தமா இருந்தாலும் தொல்லை. பிரஷ்? பிரஷ்ஷ கழுவாம விட்டிருந்தீங்கன்னா அதுதான் ஒண்ணாம் நம்பர். வெயில் படாம, வெளுக்காம, அப்படியே இருக்கும்."

"இல்ல," என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

அந்த பிரஷ் அத்தை வீட்டுடையது. மாமாவின் பிரஷ். அத்தை இல்லாத நேரமாகப் பார்த்து, தன்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்து, அவள் எடுத்து வந்தது. அவள் போன வாரம் முழுக்க அத்தை எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது அதை என் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அதை வெளியே கொண்டுபோனால் அத்தையின் கண்ணில் படும். பட்டால் கேட்பார். கேட்டால் அந்தக் கடைசிப் பேச்சில்தான் போய் முடியும்.

அதனால் சுவரைப் பேர்த்தேன். சுவிட்ச் மூடியைக் கழற்றி, அதற்குப் பின்னால் வெயில் படாத இடத்தில் பிளேடால் கீறி எடுத்தேன். விரல் நகம் அளவு. கடைக்காரக்கா சொன்ன மாதிரியே பின்பக்கம் வெள்ளையாகப் பட்டி ஒட்டிக்கொண்டு வந்தது. மிஷின் அதைப் படித்தது. குடைப்படத்தில் ஒரு சின்ன டப்பா கலந்து கொடுத்தார். கடை டியூப்லைட்டில் துண்டையும் பெயின்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசமே இல்லை.

"ரெட்டைப் பிள்ளைங்க," என்றார் அக்கா.

அத்தை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவருக்கு ஊரில் பெயர் ரெண்டு கோட்டு. எதைக் கேட்டாலும் "ரெண்டு கோட்டு அடிச்சா சரியாயிடும்" என்பார். விரிசலுக்கு, ஈரத்துக்கு, கதவு கீச்சிடுவதற்கு, எல்லாவற்றுக்கும் அதே மருந்து. சுவரில் ஒரு சதுரம் அடித்தார். காய விட்டோம். வெயில் ஏறியது. சதுரத்துக்குள்ளிருந்து நீலம் எட்டிப் பார்த்தது.

அத்தை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "இது அவ சொன்ன பச்சை இல்ல."

"கடையில ஒண்ணா இருந்துச்சு அத்தை."

"கடையிலயா நான் குடியிருக்கேன்? அவ போன அந்த வாரம் பூரா உங்க ரூம்ல அந்தச் சுவத்தப் பாத்துதான் படுத்துக் கிடந்தேன். எனக்குத் தெரியாதா?"

"ரெண்டு கோட்டு அடிச்சா..."

"நீங்க சும்மா இருங்க."

அடுத்து முக்கோணப் படம். அதில் மஞ்சள் தூக்கியது. மறுபடி குடைப்படம், நீலத்தைக் குறைத்து. அது நிழலில் சரியாக இருந்தது, வெயிலில் சோகையாக இருந்தது. அதே நிறத்தைப் பளபளப்பு இல்லாததில் கலந்து பார்த்தோம், மண் அப்பியது போல் ஆனது. ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்து கடைக்குப் போய், டப்பாவோடு பஸ் ஏறி, அத்தை வீட்டில் இறங்கினேன். சுவரில் சதுரம் சதுரமாகப் பெருகியது. எதிர்வீட்டு அக்கா துணி உலர்த்திக்கொண்டே கேட்டார்: "என்ன, உங்க சுவத்துக்குத் தேமலா?"

"உன் வாய்க்குத்தான் மருந்து போடணும்," என்றார் அத்தை. ஆனால் சிரித்தார். அவள் போன பிறகு அத்தை சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு எதன்மேல் நின்றுகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

"இதுவே போதும் அத்தை. கிட்டத்தட்ட வந்துருச்சு," என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதப் போய் கிட்டத்தட்ட செய்யறதா, மாப்ள?"

என் குற்றத்தைப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது. பிடித்தது அவர் இல்லை, நானே என்பதுதான் வித்தியாசம்.

வேலை இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தபோது அதில் பச்சை இருப்பதாகத் தோன்றியது. இன்னொரு முறை பார்த்தேன். இல்லை. நிறம்: இல்லை என்று எழுதினேன். எழுதியது சரிதானா என்று பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "தண்ணிய்யா," என்றார்.

கடைக்காரக்காவும் சலித்துப்போனார். "தம்பி, உங்க துண்டுல பாதி பட்டி. நானும் எத்தனை தடவதான் ஊகிக்கறது? நெஜமாவே வேற எதுவும் இல்லையா?"

"இல்லக்கா."

"யாரு கேக்கறாங்க இவ்ளோ அச்சா?"

"அவ... என் வீட்ல கேட்டாங்க."

"அப்ப அவங்களையே கூட்டிட்டு வாங்க. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். பொம்பளைங்க கண்ணுக்கு டக்குனு தெரியும்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது.

கடைசிச் சதுரத்துக்கு அத்தை சம்மதித்தார். சம்மதம் என்று சொல்ல முடியாது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் அழுக்கா இருக்கு. பரவால்ல, கோவிச்சுக்க மாட்டா," என்றார். சனிக்கிழமை வேலை தொடங்குவதாக ஏற்பாடு.

ரெண்டு கோட்டு ஏணியைச் சாய்த்து, டப்பாவைத் திறந்து, கலக்கினார். தன் பிரஷ்ஷை எடுத்தார்.

"இருங்க," என்றார் அத்தை. "மொதக் கோடு அவங்கப்பா பிரஷ்ல போடுங்க."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா இருந்தவரை அந்த வீட்டுக் கதவு ஜன்னலுக்கு வேறு யாரையும் பெயின்ட் அடிக்க விட்டதில்லை. அந்த பிரஷ்ஷையும் யாரையும் தொட விட்டதில்லை. பிடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒரு வளையம் சுட்டு வைத்திருந்தார், அடையாளத்துக்கு. வேலை முடிந்ததும் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் குளிப்பாட்டி, முடியை நீவிவிட்டு, தலைகீழாக மாட்டுவார். அவருக்குப் பிறகு அந்தக் காவல் அத்தைக்கு வந்தது.

அத்தை சாமான் அறைக்குள் போனார். உருட்டும் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு வந்தார். நேராக ரெண்டு கோட்டைப் பார்த்தார்.

"எங்க அது?"

"எதும்மா?"

"அவரு பிரஷ். ஆணியில மாட்டியிருந்துச்சு. போன மாசம் விரிசல் பூச வந்தப்ப நீங்கதான் அந்த ரூமுக்குள்ள போனீங்க."

"நான் எதுக்கும்மா உங்க பிரஷ்ஷ எடுக்கப்போறேன்? என்கிட்டயே ஒரு மூட்டை கெடக்கு."

"அந்த மாதிரி கெடக்காது. அதெல்லாம் இப்ப வர்றதே இல்ல. வேற யாரும் உள்ள போகல."

"கண்ணப் பாத்துச் சொல்றேன். நான் எடுக்கல."

"பச்சைப் பொய்!" என்றார் அத்தை.

ரெண்டு கோட்டின் முகம் சுருங்கியது. எதிர்வீட்டு அக்கா துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் ஏணிக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த வார்த்தைக்கு உரிய ஆள் நான்தான் என்று சொல்ல ஒரு விநாடி போதும்.

"எங்கயாவது விழுந்திருக்கும் அத்தை," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ரெண்டு கோட்டு டப்பாவை மூடினார். சுற்றிலும் தட்டித் தட்டி நன்றாகவே மூடினார். கையைக் கழுவிக்கொண்டார். "இத்தனை வருஷமா வீடு வீடா ஏறி எறங்கறேன். ஒரு ஆணிய எடுத்ததில்ல. இதுக்கெல்லாம் ரெண்டு கோட்டு அடிச்சாலும் சரியாகாதும்மா," என்று சொல்லிவிட்டு ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். தெருமுனையில் ஏணி ஒரு கம்பத்தில் இடித்தது. திரும்பிப் பார்க்காமல் போனார்.

"நீங்க வருத்தப்படாதீங்க மாப்ள," என்றார் அத்தை. "இவன் இல்லன்னா இன்னொருத்தன்."

வீட்டுக்கு வந்ததும் வாளியில் வெந்நீர் பிடித்து பிரஷ்ஷை முக்கினேன். திட்டம் என்று ஒன்று இருந்தது. பிரஷ்ஷைச் சுத்தம் செய்வது. மறுநாள் அத்தை அசந்த நேரத்தில் சாமான் அறையில் கதவுக்குப் பின்னால் போட்டுவிடுவது. பிறகு நானே கண்டுபிடிப்பது. "இங்கதான கெடக்கு அத்தை, சரியாத் தேடினீங்களா?" அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கூடப் பார்த்தேன். நன்றாக வந்தது. பொய் எனக்கு இப்போது சரளமாக வருகிறது.

வெந்நீருக்கு அசையவில்லை. தின்னர் ஊற்றினேன். பெயின்ட் இளகவில்லை, பிடியில் இருந்த மெருகுதான் கரைந்தது. சீப்பால் வாரினேன். சீப்பின் பல் போனது. கத்தி முனையால் நெம்பினேன். ஓரத்தில் ஒரு கொத்து முடி, பச்சையோடு, சில்லாக உடைந்து விழுந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பட்டி இல்லை. வெளுப்பு இல்லை. அவள் சிரித்து வாங்கிய நிறம், வாங்கிய அன்று இருந்தபடியே. இத்தனை நாள் கடைக்கு அலைந்து அலைந்து நான் தேடிய பச்சை தினமும் காலையில் என் கையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

கத்தியைக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலையில் எழுந்தேன். வாஷ்பேசின் விளிம்பிலிருந்து பிரஷ்ஷை எடுத்தேன். ஜன்னல் கட்டையில் வைக்கவில்லை. பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பல் துலக்கியதாக ஞாபகம் இல்லை.

அத்தை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். சுவரில் சதுரங்கள் வெயிலுக்குக் காத்திருந்தன. பையிலிருந்து எடுத்து நீட்டினேன். பேப்பரைப் பிரித்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பிடியில் இருந்த வளையத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு முடியை வளைத்துப் பார்த்தார். வளையவில்லை.

"உங்க வீட்லயா இருந்துச்சு?"

"ஆமா அத்தை. அவதான் எடுத்துட்டு வந்தா. நீங்க இல்லாதப்ப."

"எங்கிட்ட கேக்காம."

"கேட்டா பேச வேண்டியிருக்குமே."

அத்தையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரி. "திமிரு. அப்படியே அவங்கப்பா." உடனே முகம் மாறியது. "அய்யோ, அந்த மனுஷன நேத்து நான் என்ன பேச்சு பேசிட்டேன்."

"ஆமா."

"நீங்க இங்கதான நின்னீங்க?"

"நின்னேன்."

"தெரிஞ்சேதான நின்னீங்க?"

"தெரிஞ்சேதான்."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். அவர் எழுந்து சுவருக்குப் போய், கடைசிச் சதுரத்தின்மேல் பிரஷ்ஷை வைத்துப் பார்த்தார். சதுரம் நிஜமாகவே அழுக்காகத் தெரிந்தது. பிரஷ்ஷின் பச்சை அதைவிடத் தெளிவு.

"இதுதான் அது," என்றார். "இத மொதல்லயே கடையில காட்டியிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்."

"ஆமா."

"ஏன் காட்டல?"

வாய் திறந்தேன். பொய் வராமல் போனது அதுதான் முதல் முறை.

அத்தை திரும்பி வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீங்க சொன்னீங்க, 'அம்மா வீட்டுக்கும் அடிக்கணும்'னு. அன்னிக்குக் காதுல சரியாத்தான் விழுந்துச்சு. அப்புறம் தெனம் படுத்துக்கிட்டு அவ குரல்ல அதச் சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். ஒரு வார்த்தை மட்டும் ஒட்டவே மாட்டேங்குது. அவ இத அம்மா வீடுன்னா சொன்னா?"

நான் வாசற்படியைப் பார்த்தேன்.

"அவ ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையே."

"எங்க வீடுன்னு சொல்லுவா," என்றேன்.

"அதான்." அத்தை தலையாட்டினார். நடைபாதையில் ஆட்டிய அதே தலையாட்டல் இல்லை இது. "பச்சையப் பத்தி எதுவும் சொல்லல."

"இல்ல அத்தை."

"அடிக்கவும் சொல்லல. விக்க வேணாம்னும் சொல்லல."

"இல்ல."

எதிர்வீட்டில் ரேடியோ பாடியது. நின்றது. அத்தை பிரஷ்ஷை மடியில் வைத்துக்கொண்டார். வீட்டை நிமிர்ந்து ஒரு முறை பார்த்துக்கொண்டார், அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்பதுபோல்.

"அப்ப என்னப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னா. அது நெஜம். கடைசியாப் பேசினதே உங்களப் பத்தித்தான்."

"அத ஏன் சொல்லாம விட்டீங்க?"

"சொல்ற மாதிரி இல்ல அத்தை. கேட்டா உங்களுக்குத் தாங்காது."

"தாங்கறத நான் பாத்துக்கறேன். பூசி மெழுகாம சொல்லுங்க. அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே. ஒரு வார்த்தை மாறக் கூடாது."

நான் சொன்னேன். நர்ஸ் குழாயோடு பக்கத்தில் நின்றதை முதலில் சொன்னேன். அவள் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு என் கையைப் பிடித்ததை. என் நகத்தில் பச்சையைப் பார்த்ததும் சட்டென்று அவளுக்கு ஞாபகம் வந்ததை. அவள் முகத்தில் பயம் இல்லை. அடுப்பை அணைக்காமல் வந்துவிட்ட முகம்தான். அவள் கேட்டதற்கு நான் ஆமாம் என்று தலையாட்டியதையும் சொன்னேன். அது பொய் என்பதற்குச் சாட்சி அத்தையின் மடியிலேயே இருந்தது. அவள் குரல் எனக்கு வராது. வார்த்தையை மட்டும் மாற்றாமல் சொன்னேன்.

"பிரஷ்ஷ தண்ணில போட்டியா? எங்க வீட்டு பிரஷ்டா அது. காஞ்சு போச்சுன்னா எங்கம்மா என்னக் கொன்னுடும்."